மொட்டை மாடியில் தொடங்கும் மின்கட்டணம்

வீட்டு மின் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்துப் பலரும் அதைக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அந்தச் சிமிட்டல் ஒவ்வொன்றும் ஓர் அளவு. மீட்டரின் முகப்பில் 1600 அல்லது 3200 போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு யூனிட் செலவாவதற்குள் விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதே அது. உங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தால், இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 1125-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால், அந்தக் கணத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். பதினோரு விநாடிக்கு ஒருமுறை என்றால் சுமார் 100 வாட். விநாடிக்கு ஒன்று என்றால் 1100 வாட்டுக்கு மேல். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250.

ஆற்றல் தணிக்கை என்றதும் கருவிகளோடு வரும் நிபுணர், தடிமனான அறிக்கை என்றெல்லாம் தோன்றும். தொழிற்சாலைக்கு அவை தேவைதான். வீட்டுக்கு இந்தச் சிவப்பு விளக்கும், கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப் வாட்சும், கடந்த ஒரு வருடத்து மின்கட்டணக் கணக்கும் போதும். முதல் சோதனை: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் முன்னால் நில்லுங்கள். ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்திவிடுங்கள். விளக்கு சிமிட்டாமல் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மறந்துபோன பம்பாக இருக்கலாம், வேறு வீட்டுக்குப் போகும் இணைப்பாக இருக்கலாம், சுவருக்குள் ஈரம் பட்டு நிலத்துக்குக் கசியும் மின்சாரமாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது பணத்தைவிட உயிருக்கு ஆபத்தான விஷயம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இப்படி அளந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதில் மின்சாரம் அதிகம் போகிறது என்று ஊகிப்பதில் மனிதர்கள் மிக மோசம். ஷாஸீன் அட்டாரி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்து, 2010-ல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். சாதனங்கள் எடுத்துக்கொள்ளும் ஆற்றலையும் அதில் மிச்சம் பிடிக்கக்கூடியதையும் மக்கள் சராசரியாக 2.8 மடங்கு குறைத்தே மதிப்பிட்டார்கள். சின்னச் சாதனங்களில் ஓரளவு சரியாகச் சொன்னவர்கள், பெரிய சாதனங்களில் வெகுவாகத் தவறினார்கள். மின்சாரத்தைச் சேமிக்க எது நல்ல வழி என்று கேட்டபோது நிறைய பேருக்கு முதலில் நினைவுக்கு வந்தது விளக்கை அணைப்பது.

நம் வீடுகளிலும் அப்படித்தான். எரிகிற விளக்கு கண்ணில் படுகிறது. மிக்ஸி காதைப் பிளக்கிறது. ஆகவே அவைதான் மின்சாரத்தைத் தின்கின்றன என்று தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 வாட் மிக்ஸியை மூன்று நிமிடம் ஓட்டினால் ஆகும் செலவு ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆளில்லாத அறையில் அரைமணி நேரம் சத்தமில்லாமல் சுற்றும் பழைய ஃபேனும் அதே அளவுதான். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். டி.வி.யை ரிமோட்டில் அணைத்த பிறகும் விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். ஐந்து பல்புகளின் செலவு அது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் அந்தச் செலவு நின்றுவிடும். ஆனால் கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கி வைப்பதில் காட்டும் அக்கறையை வேறு எதிலாவது காட்டலாம் என்பது என் கருத்து. இன்றைய நல்ல சார்ஜர் சும்மா மாட்டியிருந்தால் எடுப்பது வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒரு யூனிட் அளவுதான்.

மின்சாரம் கொத்துக் கொத்தாகப் போகிற இடம் வெப்பம். வெப்பத்தை உண்டாக்குவது, வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுவது, வேண்டாத வெப்பத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டு அதோடு போராடுவது. வெப்பம் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. அதனாலேயே நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெப்பமான நாட்டில் ஒரு வீட்டைத் தணிக்கை செய்வது என்றால் பெரும்பாலும் வெப்பத்தின் தடத்தைத் தேடிப் போவதுதான்.

அந்தத் தடம் மின்கட்டணக் கணக்கிலேயே தெரியும். வருடத்தின் ஆறு கணக்குகளையும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களை உள்ளடக்கிய கணக்கில் உள்ள யூனிட்தான் வீட்டின் அடிப்படைச் செலவு: சமையல், ஃப்ரிட்ஜ், மோட்டார், விளக்கு. கோடைக் கணக்கில் அதற்கு மேல் ஏறியிருப்பது பெரும்பாலும் குளிர்விக்க ஆன செலவு. ஏசி உள்ள வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றுக்கு இரண்டாக வேறுபடுவது சாதாரணம். அடிப்படைச் செலவே அதிகமாக இருந்தால் பழைய ஃப்ரிட்ஜ், கீசர், மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். கோடையில் மட்டும் எகிறினால் கூரையைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கட்டண முறையும் ஒரு விஷயம் சொல்கிறது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியவர்களுக்கு 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை போய்விடுவதுதான் காரணம். பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. படிக்கட்டின் தர்க்கம் மட்டும் அதேதான். ஆகவே மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்கு என்ன மதிப்பு என்பது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசிப் படியில் உள்ள யூனிட்தான் முதலில் குறையும், அதுதான் விலை அதிகமானதும்கூட.

ஃபேனை வைத்து இதைப் பார்க்கலாம். தூண்டல் மோட்டார் உள்ள பழைய வகை ஃபேன் 75 வாட் எடுக்கும். நிரந்தரக் காந்தமும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தந்துவிடுகிறது. பழைய மோட்டாரில் ரோட்டாரில் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும். அந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். நாள் முழுக்கச் சுற்றிய ஃபேனின் நடுப்பகுதி சூடாக இருப்பது அதனால்தான். ஒரு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் மிச்சம் 32 யூனிட். 2022 அட்டவணையின் 4.50 ரூபாய் படியில் இருந்த வீட்டுக்கு வருடம் 875 ரூபாய். 8 ரூபாய் படியில் வருடம் முழுக்க இருந்த வீட்டுக்கு 1,555 ரூபாய். இரண்டாவது வீடு யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். முதல் வீடு அதிக நேரம் ஓடும் ஃபேனை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற வைத்து ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது எடுக்கும் 75 வாட்டும் கடைசியில் அந்த அறையிலேயே வெப்பமாகச் சேர்கிறது.

ஃப்ரிட்ஜ் வேறு கதை. அது இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்கிற ஒரே பெரிய சாதனம். ஆனால் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் தவறான விடை வரும். ஊருக்குப் போகிற நாள் நல்ல வாய்ப்பு: மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டால் ஃப்ரிட்ஜின் உண்மையான பசி தெரியும். கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக வழுக்கி வந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. புதிதாக வாங்குபவர்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சீட்டில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்தச் சீட்டிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது, அதுதான் முக்கியம். 2002-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனம் 2006-லிருந்து இந்த நட்சத்திரத்தை வழங்குகிறது. அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்கியும் வருகிறது. சில வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றாக இருக்கலாம்.

இந்த மாதிரி அரசுத் தரநிர்ணயம் என்ன சாதிக்கும் என்பதற்கு அமெரிக்க ஃப்ரிட்ஜ் ஒரு நல்ல சாட்சி. 1970-களின் நடுவில் அங்கு விற்ற ஃப்ரிட்ஜ் வருடத்துக்குச் சராசரியாக 1,800 யூனிட் குடித்தது. 2001-க்குள் அது 500-க்கும் கீழே வந்துவிட்டது. அதற்குள் ஃப்ரிட்ஜ் பெரிதாகவும் ஆகியிருந்தது. இதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட். என்ரிகோ ஃபெர்மியிடம் ஆய்வு செய்த துகள் இயற்பியலாளர். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, தம் ஆய்வகத்தில் இரவெல்லாம் வீணாக எரியும் விளக்குகளில் எவ்வளவு எரிபொருள் போகிறது என்று கணக்குப் போடத் தொடங்கியவர், பிறகு துகள் இயற்பியலுக்குத் திரும்பவே இல்லை. ஒரு 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டத் தேவையில்லாமல் செய்யும் அளவு சேமிப்புக்கு, அதாவது வருடத்துக்கு 300 கோடி யூனிட்டுக்கு, 'ரோசன்ஃபெல்ட்' என்றே பெயர் வைக்கலாம் என்று 2010-ல் அறிவியலாளர்கள் முன்மொழிந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் லிட்டரை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது 0.027 யூனிட்தான். மோட்டார், பம்ப், குழாய் இழப்பெல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மடங்கு ஆனாலும் பத்தில் ஒரு யூனிட். சம்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் வீட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் போர் தண்ணீர் 300 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இடங்களில் அதே ஆயிரம் லிட்டருக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் போகும். அங்கே ஒழுகும் குழாயும், ஓயாமல் கசியும் ஃப்ளஷ் தொட்டியும், நிரம்பி வழியும் மேல்தொட்டியும் நேரடியாக மின்சார விரயம். மோட்டார் முன்பைவிட அதிக நேரம் ஓடினால்தான் தொட்டி நிரம்புகிறது என்றால் ஃபுட் வால்வையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். மீட்டருக்கு முன்பே இதைச் சொல்லிவிடும் கருவி கடிகாரம்தான்.

குளியல் வெந்நீரும் கணக்கில் வர வேண்டியது. 15 லிட்டர் கீசரை 60 பாகை வரை சூடேற்ற சுமார் 0.6 யூனிட். நாம் குளிப்பதோ 40 பாகையில். பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றுகிறோம். சூட்டின் அளவைக் குறைத்து வைத்து, குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, உடனே அணைத்துவிடுவது நல்லது. மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி பகலெல்லாம் இலவசமாகச் சூடேறுகிறது. மார்கழியில் காலையில் நடுங்கவைக்கும் அதே தொட்டித் தண்ணீர் மாலை ஐந்து மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மாலையில் குளிக்க முடிந்தால் கீசருக்கு வேலையே இருக்காது.

இனி கூரை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையம் இதுதான்.

சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். கத்திரி வெயில் காயும் மே மாதத்திலும் அது உச்சியிலிருந்து வடக்கே ஒன்பது பாகைக்குள்தான் நகர்ந்திருக்கும். ஆகவே கோடையில் நண்பகல் வெயில் சுவரில் சாய்ந்து சறுக்கிப் போகிறது. கூரையிலோ செங்குத்தாக இறங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்டுக்கு நெருக்கமான ஆற்றல். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் நண்பகலில் விழுவது ஏறக்குறைய 90 கிலோவாட். அழுக்கேறிய சிமென்ட் தளம் இதில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ உறிஞ்சிக்கொள்கிறது. மேற்பரப்பு 60 பாகையைத் தொடுகிறது. வெறுங்காலில் நிற்க முடியாது.

அந்த வெப்பம் உடனே கீழே இறங்குவதில்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடக்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதனால் நண்பகலில் வாங்கிய சூடு, நாம் வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் உட்கூரைக்கு வந்து சேர்கிறது. வெளியே கடற்காற்று வீசும், தெரு குளிர்ந்திருக்கும். படுக்கையறை மட்டும் அடுப்பாக இருக்கும். அறைக் காற்று 30 பாகையாக இருந்தாலும், தலைக்கு மேலே 38 பாகையில் இருக்கும் கூரை அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை நம் உடம்பின்மேல் நேரடியாகப் பொழிகிறது. மனிதத் தோல் காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை, சுற்றியிருக்கும் பரப்புகளின் சூட்டையும் உணர்கிறது. ஏசியை 24-ல் வைத்தும் போதவில்லை என்று 20-க்கு இறக்குவது இதனால்தான். ரிமோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வெப்பம் மேலிருந்து வருகிறது.

ஏசி குளிரை உண்டாக்கும் இயந்திரம் அல்ல. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கும் பம்ப். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஐந்து யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்றும், அதற்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் வரை எடுக்கும். வெப்பநிலை அமைப்பை ஒரு பாகை உயர்த்தினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்று எரிசக்தித் திறன் நிறுவனம் சொல்கிறது. நட்சத்திரச் சீட்டு பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 பாகையில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 26-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓட விட்டால் பெரும்பாலோருக்குப் போதும். கூரை சூடாக இல்லாமல் இருந்தால்.

கடலோர ஊர்களில் ஏசிக்கு இன்னொரு சுமையும் உண்டு, ஈரப்பதம். வெளிக்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். காற்றிலிருந்த ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க 0.68 யூனிட் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். மின்சாரமாகச் சொன்னால் ஏறக்குறைய 0.2 யூனிட். ஓர் இரவில் பத்து லிட்டர் சேர்ந்தால், அறையைக் குளிர்விப்பதற்குத் தனியாகவும், காற்றை உலர்த்துவதற்கு மட்டும் இரண்டு யூனிட்டும் போயிருக்கின்றன. வாளி அளவுக்கு மீறி நிரம்புகிறது என்றால் வெளிக்காற்று எங்கிருந்தோ புகுந்துகொண்டே இருக்கிறது. ஏசி ஓடும்போது கதவின் அடியிலும் ஜன்னல் ஓரங்களிலும் ஊதுபத்தியைக் காட்டினால் புகை சாயும் திசை இடைவெளியைக் காட்டிவிடும். கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

குளிர்நாடுகளில் வீட்டுத் தணிக்கை இந்தக் காற்றுக் கசிவைத் தேடித்தான் தொடங்கியது. 1970-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோக்கலோவும் குழுவினரும் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பின் வீடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஒரே வரைபடத்தில் கட்டிய, ஒரே மாதிரியான வீடுகளில்கூட ஆற்றல் செலவு ஒன்றுக்கு இரண்டாக வேறுபட்டது. சுவரின் உட்புற இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேல்பரணுக்கு ஏறித் தப்பிப்போவதையும் கண்டுபிடித்தார்கள்; யாருடைய கணக்கிலும் அதுவரை வராத இழப்பு அது. கட்டட வரைபடத்தை நம்பாமல் வீட்டுக்குள் போய் அளந்து பார்த்ததால் கிடைத்த உண்மை. அங்கே வெப்பம் தப்பிப்போனது கூரை வழியாக. இங்கே நுழைவதும் கூரை வழியாகவே.

நம் முன்னோர் கூரைக்குத் தந்த கவனம் இன்றைய கட்டடங்களில் குறைந்துவிட்டது என்றே சொல்வேன். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லியில் நுண்துளைகள் அதிகம். அவற்றில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் இந்தச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடும் பழக்கம் இருந்தது. செலவையும் நாளையும் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்தும்போது, முப்பது நாற்பது வருடத்துக்கான மின்கட்டணத்தை அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் தலையில் ஏற்றுகிறோம். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குக் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் கூரையில் 3 வாட்டுக்கு மேல் கடக்கும்.

கட்டி முடித்த வீட்டுக்கு என்ன செய்வது? வெள்ளை அடிப்பதுதான் எளிய, மலிவான வழி. புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். விலை உயர்ந்த கூலிங் பெயிண்டும் இருக்கிறது. சுண்ணாம்போடு வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து அடிக்கும் முறையும் இருக்கிறது. சுண்ணாம்பு ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கரையும், ஆனால் மறுபடி அடிக்க ஆகும் செலவும் சிறியது. எதை அடித்தாலும் மழைக்காலம் முடிந்து படிந்திருக்கும் பாசியையும் தூசியையும் மாசி மாதத்துக்குள் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கான வெள்ளை வெயிலைப் பாதிதான் திருப்பும். வெடிப்புகளை முதலில் அடைத்துவிட்டுப் பூச வேண்டும், ஈரம் இறங்கிய கான்கிரீட் இன்னும் எளிதாக வெப்பத்தைக் கடத்தும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் வெப்பத் தடுப்புப் பலகையைத் தளத்தின் மேற்புறம் பதித்து, அதன் மேல் ஓடு பதிக்கலாம். உட்புறம் ஃபால்ஸ் சீலிங் போடுவதைவிட இது நல்லது: வெப்பம் கான்கிரீட்டில் தேங்குவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதும் இதே நியாயம்தான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஒரு மூங்கில் தட்டி, உள்ளே இருக்கும் கனமான திரையைவிட அதிகம் உதவும். அடுக்குமாடியில் நடு மாடியில் இருப்பவர்களுக்குக் கூரைத் தொல்லை இல்லை. அவர்கள் தங்கள் உழைப்பை எல்லாம் அந்த மேற்குச் சுவரில்தான் காட்ட வேண்டும்.

சூரிய மின்தகடு போட நினைப்பவர்களுக்கு ஒன்று. தகடு நிழலும் தரும், அது நல்லதே. ஆனால் முதலில் தணிக்கை, பிறகு தகடு. ஒழுகும் வீட்டுக்கு அளவெடுத்துத் தகடு வாங்கினால் தேவைக்கு மேல் வாங்குவோம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரருக்குப் பொருந்தும். வாடகை வீட்டில் கூரை ஒருவருடையது, மின்கட்டணம் இன்னொருவருடையது. தளத்துக்கு வெள்ளை அடிக்க உரிமையாளருக்கு ஆதாயம் இல்லை, குடியிருப்பவருக்கு உரிமை இல்லை. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, வருடா வருடம் கோடைக்கு முன் மேல்தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்பதில் தவறில்லை. கதவுக்கு வண்ணம் அடித்துத் தரும் உரிமையாளர் கூரைக்கும் அடித்துத் தரலாம்.

இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் செலவழிக்கும் வீடு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்ட ஒரே அறை, ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டி.வி. அங்கே மிச்சம் பிடிக்க மின்சாரமும் இல்லை, கட்டணமும் இல்லை. அந்த வீட்டில் வீணாவது அங்கே இருப்பவர்களின் உடம்பு. மெல்லிய ஷீட் வெப்பத்தைத் தாமதப்படுத்தாது. வெயில் ஏற ஏற உள்ளே சூடும் அப்படியே ஏறும். நண்பகலில் அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், தூளியில் தூங்கும் குழந்தைக்கும் ஃபேன் தருவது சூடான காற்றைத்தான். அந்த வீட்டின் தணிக்கையை யூனிட்டில் எழுத முடியாது. ஷீட்டுக்குக் கீழே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் பார்த்துப் பாகையில்தான் எழுத வேண்டும். ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சில பாகை குறையும். அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தின் பகுதியாக 2017-லேயே ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியது. 2023-ல் தெலங்கானா குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, அதன் இழைத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் ஊற்றி நனைத்து, மெதுவாகத் துடைத்து, தூரிகையால் இரண்டு முறை பூச வேண்டும். ஏறுகிறவர் ஷீட்டின் மேல் நேரடியாக மிதிக்காமல், தாங்குசட்டங்களின் மேல் பலகை போட்டு அதில் நிற்க வேண்டும்.